புனரமைந்த நகரின் காட்சிகள்: மைசூரின் தேவராஜ மொஹல்லா

மைசூருக்கு வரும் பயணிகளில் பலர், மிகப் பழமையான ஒரு நகரைக் காண வந்திருப்பதாகவே எண்ணுகின்றனர். உடையார் வம்சத்தின் தோற்றத்தை மரபு வரலாறு 1399ஆம் ஆண்டுக்குக் கொண்டு செல்வதால், இவ்வெண்ணம் முற்றிலும் தவறென்று கூற இயலாது. ஆயினும் பயணி தம் கண்ணால் காணும் மைசூரின் பெரும் பகுதி 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலும் அதற்குப் பின்னரும் எழுந்ததாகும். ஒரு பெருந்தீயும் ஒரு கொள்ளைநோயும் இரண்டு ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்துத் தாக்கியதால், திட்டமிட்டுத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொண்ட நகரம் இது. அதே காலப்பகுதியில்தான் இது ஒரு தொழில் நகரமாகவும் வளர்ந்தது. இன்று சுற்றுலாத் துறையின் கையேடுகளில் இடம்பெறும் காட்சிகளுள் பெரும்பாலானவை இவ்விரு முயற்சிகளின் விளைவுகளே.

இதனை நன்கு அறிந்துகொள்ள ஏற்ற இடம் நகரின் நடுவே உள்ள தேவராஜ மொஹல்லா. ‘மொஹல்லா’ என்பது நகர வட்டாரத்தைக் குறிக்கும் உருது வழக்குச் சொல். கோட்டை, லஷ்கர், மண்டி, கிருஷ்ணராஜ, சாமராஜ, நஜர்பாத் முதலிய மொஹல்லாக்களாக மைசூர் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் வாணிபத்துக்குப் பெயர் பெற்றது தேவராஜ மொஹல்லா. கிழக்கே சயாஜிராவ் சாலையும், மேற்கே தேவராஜ அர்ஸ் சாலையும், வடக்கே தன்வந்திரி சாலையும் சூழ, நடுவில் நீண்டு கிடக்கிறது தேவராஜ மார்க்கெட். அதன் தென்முனையில், வைஸ்ராய் டஃபரின் பிரபு 1886இல் வருகை தந்ததன் நினைவாக எழுந்த சிறிய மணிக்கூண்டு நிற்கிறது. கன்னடத்தில் இதனைச் ‘சிக்க கடியார’ என்பர். அருகில், மற்றொரு வைஸ்ராயின் பெயரைத் தாங்கி 1892ஆம் ஆண்டைச் சேர்ந்த லான்ஸ்டவுன் கட்டடம் உள்ளது. சில நிமிட நடையில் அரண்மனையின் வடக்கு வாயிலை அடைந்துவிடலாம்.

தீயும் நோயும்

1831 முதல் அரை நூற்றாண்டுக் காலம் மைசூர் சமஸ்தானத்தை ஆங்கிலேய ஆணையர்கள் பெங்களூரிலிருந்து ஆண்டு வந்தனர். 1881இல் ஆட்சி மீண்டும் உடையார்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதனை ஒட்டிய ஆண்டுகளில், 1882இல், பெங்களூரிலிருந்து ரயில் பாதை மைசூரை எட்டியது. மேற்கூறிய மணிக்கூண்டும் லான்ஸ்டவுன் கட்டடமும் இக்காலத்தவை. 1892இல் தொடங்கிய உயிரியல் பூங்காவும் இக்காலத்ததே. புதிய காலத்துக்கான அடித்தளம் அழிவுக்கு முன்னரே இடப்பட்டுவிட்டது என்பதை இங்கு மனத்திற்கொள்ள வேண்டும். அழிவு அந்த வேகத்தைக் கூட்டியது.

1897 பிப்ரவரியில், அரச குடும்பத் திருமண விழாவின்போது பழைய மர அரண்மனை தீக்கிரையாயிற்று. அரசர் கிருஷ்ணராஜ உடையார் அப்போது சிறுவர். அன்னையார் வாணி விலாஸ சந்நிதானம் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். கோயம்புத்தூர், பாலக்காட்டுப் பகுதிகளோடு தொடர்புள்ள தமிழரான சர் கே. சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்தார். புதிய அரண்மனையை வரைந்து தரும் பணி ஹென்றி இர்வினிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடப் பணியை நிறைவேற்றியவரும், எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள கலைக்கூடத்தை வடிவமைத்தவரும் இவரே. மரத்தின் இடத்தைக் கருங்கல்லும் செங்கல்லும் இரும்பும் பிடித்தன. கல்யாண மண்டபத்தின் வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வார்ப்பாலையிலிருந்து வந்தவை. 1912இல் கட்டி முடிக்கப்பட்டபோது செலவு 41 லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. பார்ப்பவர் ‘பழங்காலக் கலை’ என்று வியக்கும் அம்பா விலாஸ் அரண்மனை, உண்மையில் இரும்பும் நீராவியும் ஆண்ட யுகத்தின் படைப்பாகும்.

தீயை அடுத்து 1898இல் பிளேக் நோய் சமஸ்தானத்தில் நுழைந்தது. நெருக்கமான வீடுகள், காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகள், தேங்கிய கழிவுநீர், தானியக் கிடங்குகளில் பெருகிய எலிகள் ஆகியவை நோய்க்கு வழியமைத்தன. நகரத்தின் உருவத்தையே மாற்றாமல் நோயை விரட்ட இயலாது என்ற முடிவுக்கு அரசாங்கம் வந்தது. பம்பாயில் 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஏற்பட்டது. அதனையடுத்து, நாட்டில் முதன்முதலாக இத்தகைய அமைப்புகளைக் கண்ட நகரங்களுள் ஒன்றாக, மைசூரிலும் 1903இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு வாரியம் நிறுவப்பட்டது. சாமராஜபுரம், லக்ஷ்மிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம் போன்ற புதிய விரிவுகள் தோன்றின. நேரான அகன்ற வீதிகள், சந்திகளில் வட்டங்கள், வீட்டு வரிசைகளின் பின்புறம் துப்புரவுப் பணிக்கென விடப்பட்ட சந்துகள் ஆகியவை இவ்விரிவுகளின் இலக்கணமாயின. 2014-15, 2016 ஆண்டுகளின் மதிப்பீடுகளில் நாட்டின் தூய்மையான நகரமாக மைசூர் முதலிடம் பெற்றபோது, அப்பெருமையில் ஒரு பங்கு அந்தப் பின்சந்துகளையும் சாரும் என்று கூறலாம்.

கோட்டைக்குள் நெருங்கியிருந்த வீடுகள் அகற்றப்பட்டு, குடியிருந்தோர் புதிய விரிவுகளுக்கு அனுப்பப்பட்டனர். அரண்மனையைச் சுற்றிப் பயணிகள் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பரந்த வெளி, ஒரு காலத்தில் மக்கள் குடியிருந்த தெருக்கள். நகரப் புனரமைப்புக்கு எப்போதும் ஒருவர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுப்பவரின் பெயர் கல்வெட்டில் ஏறுவதில்லை.

தொழிலின் துணைவிளைவாகக் காட்சி

விடுமுறை நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் மின்விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும் அரண்மனையைக் காண மக்கள் திரளுகின்றனர். இந்த ஒளியின் வரலாறு அரண்மனையில் தொடங்கவில்லை. கோலார் தங்கச் சுரங்கங்களின் இயந்திரங்களை இயக்குவதற்காக, காவிரி வீழ்ச்சியான சிவசமுத்திரத்தில் 1902இல் புனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து மின்சக்தி 90 மைலுக்கு மேல் கம்பி வழியே சென்றது. அக்காலத்தில் அது உலக அளவில் பேசப்பட்ட சாதனை. அதன் மிகுதியே 1905இல் பெங்களூருக்கும் 1908இல் மைசூருக்கும் விளக்கேற்றியது.

கிருஷ்ணராஜசாகர் அணையின் கதையும் இதுவே. 1911இல் தொடங்கி 1932இல் நிறைவேறிய இந்த அணை, சிவசமுத்திர மின் நிலையத்துக்கு ஆண்டு முழுவதும் சீரான நீர் கிடைக்கவும் மாண்டியா வட்டாரத்து வயல்களுக்குப் பாசனம் அளிக்கவும் திட்டமிடப்பட்டது. இதன் காரணமாகச் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் எழுந்த வழக்கும் 1924ஆம் ஆண்டு உடன்படிக்கையும் தமிழ் வாசகர் நன்கு அறிந்தவை. அணையின் அடிவாரத்தில் பிருந்தாவனத் தோட்டம் அமைந்தது திவான் சர் மிர்சா இஸ்மாயில் காலத்தில்தான். உல்லாசப் பயணிகளை மட்டும் கருதிப் பார்த்தால் தோட்டமே முதன்மையானது. பொறியாளரின் கணக்கில் அது அணையின் ஓரத்தில் இட்ட கோலம்.

சர் எம். விசுவேசுவரையா திவானாக இருந்த 1912-1918 காலத்தில் அரசாங்கமே தொழில் முனைவோராகச் செயற்பட்டது. மைசூரின் சந்தனக்கட்டை அதுவரை பெருமளவில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, ஜெர்மனியில் எண்ணெயாக வடிக்கப்பட்டு வந்தது. முதல் உலகப் போர் அந்த வழியை அடைத்தது. தேங்கிய கட்டைகளை உள்நாட்டிலேயே வடித்தெடுக்கும் முயற்சி பெங்களூரில் தொடங்கி, 1916-17 அளவில் மைசூரிலும் ஆலையாக நிலைபெற்றது. மரத்தின் வைரப்பகுதியைத் தூளாக்கி, நீராவியில் நெடுநேரம் வேகவைத்து, ஆவியைக் குளிரச் செய்து எண்ணெயைப் பிரிப்பதே இதன் செய்முறை. வைரம் பாய ஒரு மரத்துக்குப் பல ஆண்டுகள் தேவை. கடத்தலும் நோயும் காட்டில் சந்தனத்தை அருகச் செய்தன. ஆகவே, தன் நிலத்து மரத்தின்மீது விவசாயிக்கே உரிமை வழங்கும் வகையில் கர்நாடகம் 2001இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

அரசுப் பட்டு நெசவாலை 1912இல் தோன்றியது. மைசூர்ப் பட்டுக்கு இப்போது புவிசார் குறியீடு உண்டு. ஆலைக்குள் சென்று தறி ஓடுவதைப் பார்க்கப் பயணிகள் அனுமதிக்கப்படுகின்றனர். 1937இல் தொடங்கிய அரக்கு, வண்ணப்பூச்சுத் தொழிற்சாலை, 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் வாக்காளரின் விரலில் இடும் அழியாத மையைத் தயாரித்து வருகிறது. நம் நாட்டு மக்களில் மிகப் பலர் தம் உடலில் தாங்கிய மைசூர்ப் பொருள் பட்டன்று, இந்த மையே. 1979இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகம், டெல்லியை அடுத்து நாட்டின் இரண்டாவது. மகாராணியின் பயண வண்டி அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. தொழிலை மக்களுக்குக் காட்டுவதே ஒரு விழாவாக வேண்டும் என்ற எண்ணம் இந்நகரில் வேரூன்றியிருந்தது. தசரா விழாவோடு தொழில், வேளாண் பொருட்காட்சியை இணைத்ததும் இந்த எண்ணமே.

எல்லாத் தொழிலும் காட்சியாக நிலைக்கவில்லை. 1961இல் யாதவகிரியில் மோட்டார் சைக்கிள் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டது. அதன் வண்டிகளை இன்றும் போற்றி ஓட்டுவோர் உண்டு. ஆலையைச் சென்று காண வழியில்லை.

சீனத்தின் ஒரு நகரம்

அழிந்து மீண்ட தொழில் நகரம் தன் நினைவுகளை எவ்வாறு பேணுகிறது என்பதற்குச் சீனத்தின் தாங்ஷான் நகரம் ஒப்பிடத்தக்க சான்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. கரியை ஏற்றிச் செல்ல 1881இல் போடப்பட்ட ரயில் பாதை சீன ரயில்வேயின் தொடக்கங்களுள் ஒன்று. 1976 ஜூலை 28ஆம் நாள் விடியற்காலையில் ஏற்பட்ட நிலநடுக்கம் அந்நகரைத் தரைமட்டமாக்கியது. அரசாங்கக் கணக்குப்படியே மாண்டவர் 2,40,000க்கும் மேற்பட்டோர். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் நகரம் மீண்டும் கட்டப்பட்டது.

இடிபாடுகள் முழுவதையும் அவர்கள் அப்புறப்படுத்தவில்லை. ரயில் எஞ்சின், பெட்டித் தொழிற்சாலையின் சிதைந்த பகுதி அப்படியே விடப்பட்டு, மாண்டோரின் பெயர்கள் பொறித்த சுவரோடு நினைவுப் பூங்காவாயிற்று. சுரங்கம் ஒன்று அருங்காட்சியகமாகியது. சுரங்கங்களுக்கு மேலே நிலம் அமிழ்ந்து, சாம்பலும் குப்பையும் கொட்டப்பட்டுக் கிடந்த நன்ஹூ பகுதி ஏரியும் பூங்காவுமாக்கப்பட்டு, 2016இல் அங்கு உலகத் தோட்டக்கலைப் பொருட்காட்சி நடந்தது. தாங்ஷானில் பயணி காண்பது நின்றுபோன தொழிலின் நினைவை. தேவராஜ மொஹல்லாவில் காண்பதோ நின்றுபோகாத வாணிபத்தை. இந்த வேறுபாடே மைசூரின் இன்றைய சிக்கலுக்கும் மூலம்.

இயங்கும் சந்தையைக் காப்பது எவ்வாறு?

தேவராஜ மார்க்கெட் ஒரே நாளில் கட்டப்பட்டதன்று. பழைய வாரச்சந்தையின் இடத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் படிப்படியாக வளர்ந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான கடைகள். வாழைக்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் ஒரு வரிசை. பூவுக்கு ஒரு வரிசை. வெற்றிலை, தேங்காய், காய்கறி, பாத்திரம், ஊதுவத்தி, வாசனை எண்ணெய் என்று தனித்தனிப் பகுதிகள். கூம்பு கூம்பாகக் குவித்த குங்கும வண்ணப் பொடிகளைப் படமெடுக்காத வெளிநாட்டுப் பயணி இல்லை எனலாம். நஞ்சன்கூடு ரஸ்தாளி வாழை, மைசூர் வெற்றிலை, மைசூர் மல்லிகை ஆகிய மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை; மூன்றையும் ஒரே கூரையின்கீழ் காணக்கூடிய இடம் இது. சத்தியமங்கலம், திம்பம் மலைப்பாதை வழியாகவும் உதகை, பந்திப்பூர் வழியாகவும் வரும் தமிழ்நாட்டுப் பயணிகள் திரும்பும்போது பையை நிரப்பிக்கொள்வதும் பெரும்பாலும் இங்கேதான்.

இச்சந்தையைக் காட்சிப்பொருளாக அமைக்க எவரும் திட்டமிடவில்லை. வீட்டுச் சமையலுக்கும் பூசைக்கும் வேண்டிய பொருள் அங்கு விற்கப்படுவதால் உள்ளூர் மக்கள் வருகின்றனர். உள்ளூர் மக்கள் வருவதால் அது உயிருடன் இருக்கிறது. உயிருடன் இருப்பதால் பயணி வருகிறார். இம்மூன்றின் வரிசையை மாற்ற இயலாது.

ஆனால் கட்டடம் முதுமை எய்திவிட்டது. 2012 ஆகஸ்டில் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்து நால்வர் உயிரிழந்தனர். 2016 ஆகஸ்டு 28ஆம் நாள் தேவராஜ மார்க்கெட்டின் வடபுறப் பகுதி சரிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மற்றொரு நாளின் காலை நேரமாக இருந்திருந்தால் விளைவை எண்ணிப் பார்க்கவே அஞ்ச வேண்டும்.

இத்தகைய கட்டடங்கள் ஏன் வலுவிழக்கின்றன என்பதை அறிவது பயனுடையது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட சுவர், ஈரத்தை உள்வாங்கவும் மீண்டும் வெளிவிடவும் வல்லது. மர உத்தரங்களின் மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பிட்டு இறுக்கும் ‘மெட்ராஸ் டெரஸ்’ முறையில் அமைந்த தளமும் அவ்வாறே. மழைநீர்க் குழாய் அடைபட்டால் தளத்தில் நீர் தேங்குகிறது. உத்தரத்தின் முனை சுவருக்குள்ளேயே உளுக்கிறது. அரசும் ஆலும் வேர்விட்டு விரிசலை அகலமாக்குகின்றன. விரிசலை மறைக்கச் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று, சுண்ணாம்பைத் தளர்த்துகிறது. பழுதுபார்த்த இடமே முதலில் உதிர்வதைக் கண்டு பலர் வியப்பதுண்டு, காரணம் இதுவே. இதனோடு, இரண்டு கடைகளை ஒன்றாக்கச் சுவரை உடைப்பது, பரண் கட்டுவது, தாங்க இயலாத எடையை மாடியில் ஏற்றுவது முதலியனவும் சேர்கின்றன. வாடகை நெடுங்காலம் உயராத சந்தைகளில் உரிமையாளரான உள்ளாட்சிக்குப் பழுதுபார்க்க வருவாய் இல்லை. நாளை இடம் தமக்கு உண்டா என்ற ஐயத்தில் உள்ள கடைக்காரருக்குத் தம் பணத்தைச் சுவரில் இட மனமில்லை. கட்டடம் இடிவதற்கு மழை மட்டும் காரணமன்று. இந்த நிலையும் ஒரு காரணம்.

மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கை குறித்து வல்லுநர்கள் இரு அணியாகப் பிரிந்தனர். பழுதுபார்த்து வலுப்படுத்த இயலும் என்பது இன்டாக் அமைப்பைச் சேர்ந்த மரபுக் காப்பு வல்லுநர்களின் கருத்து. வலுப்படுத்துவது பாதுகாப்பானதன்று, இடித்துவிட்டு அதே தோற்றத்தில் மீண்டும் கட்டுவதே தகும் என்பது எதிர்க்கருத்து. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இடித்துக் கட்டும் முடிவுக்குச் சாதகமாக அமைந்தது. வணிகர்களின் எதிர்ப்பு அதனால் ஓயவில்லை.

பழையது என்பதற்காக மட்டுமே ஒரு கட்டடத்தை இடிக்கக்கூடாது என்ற வாதம் மைசூரில் முழு வலிமை பெறாது. மக்கள் மிக விரும்பும் அரண்மனையே, எரிந்த மாளிகையின் இடத்தில் புதிதாகக் கட்டப்பட்டதுதான். ஆனால் ஒரு வேறுபாட்டை அதிகாரிகள் கவனிக்க வேண்டும். அரண்மனைப் பணி 15 ஆண்டுகள் நடந்தபோது அரச குடும்பத்துக்குத் தங்க 1861இல் எழுந்த ஜகன்மோகன் அரண்மனை இருந்தது; கிருஷ்ணராஜ உடையார் 1902இல் முழு ஆட்சியுரிமை பெற்ற விழாவும் அங்கேயே நடந்தேறியது. வாழைக்காய் வியாபாரிக்கு இரண்டாவது அரண்மனை கிடையாது. இரண்டு ஆண்டுகள் ஊருக்கு வெளியே கடை வைத்தால், அவரது வாடிக்கையாளர் வேறு கடைக்குப் பழகிவிடுவர். திரும்பி வரும்போது புதிய கட்டடத்தின் வாடகை, பூவும் வெற்றிலையும் விற்பவரால் தாங்கக்கூடியதாக இருக்குமா என்பதும் கேள்விக்குரியது. தாங்காவிட்டால் அக்கடையைத் துணிக்கடையோ கைபேசிக் கடையோ நிரப்பும். அப்போது வளைவுகளும் வாயில்களும் பழைய அச்சிலேயே இருக்கலாம். குங்குமக் குவியல் இராது.

பழுதுபார்ப்பதானாலும் மீண்டும் கட்டுவதானாலும் பணியைப் பகுதி பகுதியாக மேற்கொள்ளலாம். ஒரு வரிசை வேலையில் இருக்கும்போது மற்ற வரிசைகள் இயங்கலாம். ஒவ்வொரு கடைக்காரரின் அளவும் பொருளும் இடமும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டு, திரும்பி வரும் உரிமை எழுத்தில் தரப்பட வேண்டும். தற்காலிகக் கடைகள் நடந்து செல்லும் தொலைவில் அமைய வேண்டும். வடிவமைப்பாளர் தம் வரைபடத்தைத் தொடங்கும் முன்னரே இவை முடிவு செய்யப்பட வேண்டியவை. பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டவை நடைமுறையில் சேர்வதே இல்லை.

இதற்கிடையே ஆண்டுதோறும் விஜயதசமியன்று, 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியைச் சுமந்த யானை அரண்மனையிலிருந்து புறப்பட்டு, சயாஜிராவ் சாலை வழியே மார்க்கெட்டைக் கடந்து பன்னிமண்டபம் நோக்கிச் செல்கிறது. ஊர்வலத்தைக் காண்பதற்காகப் பழுதடைந்த கட்டடங்களின் மாடிகளில் மக்கள் ஏறிவிடாதபடி அதிகாரிகள் முன்னதாகவே தடை விதிக்கின்றனர்.